டீம்ஸ்டெப்ஸ் 3.0: கேட்பவரையும் பயிற்றுவிக்கும் செவிலியர் பாடத்திட்டம்

வார்டு நிர்வாகத்தைக் கவனிக்கும் செவிலியர்களிடம் பயிற்சி என்ற பெயரில் வந்து சேரும் திட்டங்களுக்குக் குறைவில்லை. அவற்றுள் பெரும்பாலானவை இனிமையாகப் பேச வேண்டும், பொறுமையாகக் கேட்க வேண்டும், குழுவாகச் செயல்பட வேண்டும் என்ற அறிவுரைகளோடு நின்றுவிடுகின்றன. அவற்றை எப்படிச் செய்வது என்று சொல்வதில்லை. டீம்ஸ்டெப்ஸ் அந்த வகையைச் சேர்ந்ததன்று. அமெரிக்க அரசின் சுகாதார ஆராய்ச்சி மற்றும் தர முகமையும் அந்நாட்டுப் பாதுகாப்புத் துறையும் இணைந்து உருவாக்கி, 2006ஆம் ஆண்டு நவம்பரில் வெளியிட்ட இந்தக் குழுப்பணிப் பாடத்திட்டத்தின் மூன்றாம் பதிப்பு 2023இல் வந்தது. இதைக் கட்டணமின்றி எவரும் பதிவிறக்கம் செய்து, தங்கள் மருத்துவமனையின் தேவைக்கேற்ப மாற்றிப் பயன்படுத்தலாம். உள்நோயாளிப் பிரிவுச் செவிலியர்களுக்கு இதைக் கற்பிப்பவர் என்ற நிலையிலிருந்து, குறிப்பாக இதன் தகவல் பரிமாற்றப் பகுதியை இங்கே மதிப்பிடுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செவிலியர் நிர்வாகத்தில் இருப்பவர்கள் எடுத்துக் கையாளத் தகுந்த பாடத்திட்டங்களில் இது முதல் வரிசையில் நிற்கிறது. பேசுபவரோடு கேட்பவருக்கும் இது கடமைகளை வகுத்துத் தருவதே அதற்குக் காரணம். சொன்னவர் சொன்னதைக் கேட்டவர் சரியாகப் பெற்றுக்கொண்டாரா என்று உறுதி செய்யும் வரை ஒரு தகவல் முழுமை பெறுவதில்லை என்ற கொள்கையை இது ஒவ்வொரு கருவியிலும் செயல்முறையாக மாற்றுகிறது. அந்தக் கொள்கையை இது விட்டுவிடும் இடமும் ஒன்று உண்டு. இதன் முக்கியமான குறையும் அங்கேதான் இருக்கிறது.

பின்னணியைச் சுருக்கமாகப் பார்க்கலாம். 1999இல் அமெரிக்க மருத்துவக் கழகம் வெளியிட்ட அறிக்கை, அந்நாட்டு மருத்துவமனைகளில் மருத்துவப் பிழைகளால் ஆண்டுதோறும் 44,000 முதல் 98,000 பேர் வரை இறப்பதாக மதிப்பிட்டது. அந்தப் பிழைகளுக்குத் தனி மனிதரின் கவனக்குறைவைவிட, பணி அமைப்பில் உள்ள ஓட்டைகளே பெரும் காரணம் என்றும் அது வாதிட்டது. அதற்கு முன்பே இதே பாடத்தை விமானத் துறை பெரும் விலை கொடுத்துக் கற்றிருந்தது. 1977 மார்ச் 27 அன்று டெனரீஃப் தீவின் ஓடுபாதையில் இரண்டு விமானங்கள் மோதி 583 பேர் உயிரிழந்தனர். எதிரே இருந்த விமானம் ஓடுபாதையை விட்டு விலகிவிட்டதா என்ற ஐயத்தைப் பொறியாளர் ஒருவர் விமானி அறையிலேயே எழுப்பினார். தலைமை விமானி விலகிவிட்டது என்று உறுதியாகச் சொல்லவே, அந்த ஐயம் அங்கேயே அடங்கிப்போனது. 1979இல் நாசா நடத்திய பயிலரங்கிலிருந்து வளர்ந்த விமானக் குழுப் பயிற்சியின் மரபில்தான் டீம்ஸ்டெப்ஸ் வந்தது. இந்த வரலாற்றைப் பயிற்சியின் தொடக்கத்தில் சொல்வது வீண் அலங்காரமன்று. அனுபவம் மிகுந்த ஒருவர் உறுதியான குரலில் தவறாகச் சொல்லும்போது அருகில் இருப்பவருக்கு என்ன நேர்கிறது என்பதை, இளம் செவிலியர்கள் இந்த ஒரு நிகழ்விலிருந்தே புரிந்துகொண்டுவிடுகிறார்கள்.

பாடத்திட்டம் நான்கு திறன்களின் மேல் நிற்கிறது: தகவல் பரிமாற்றம், குழுத் தலைமை, சூழலைக் கண்காணித்தல், ஒருவருக்கொருவர் துணை நிற்றல். ஒவ்வொன்றின் கீழும் சில கருவிகள் உள்ளன.

எஸ்பார் என்று நாம் சுருக்கமாகச் சொல்லும் முறை இவற்றுள் மிகவும் அறியப்பட்டது. அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களிலிருந்து கைசர் பெர்மனென்டே மருத்துவமனைக் குழுமத்தின் வழியாக மருத்துவத் துறைக்குள் வந்த இந்த முறைப்படி, நோயாளியின் இப்போதைய நிலை, அதன் பின்னணி, செவிலியரின் கணிப்பு, அவர் கேட்டுக்கொள்ளும் நடவடிக்கை ஆகிய நான்கும் இதே வரிசையில் சொல்லப்பட வேண்டும். முதல் இரண்டையும் எந்தச் செவிலியரும் எளிதில் சொல்லிவிடுவார். கணிப்பும் கோரிக்கையும் வரும் இடத்தில்தான் குரல் தாழ்கிறது. "டாக்டர், நோயாளிக்கு மூச்சு கொஞ்சம் வாங்குகிறது" என்று இரவு இரண்டு மணிக்கு ஒரு செவிலியர் தொலைபேசியில் சொன்னால், மறுமுனையில் தூக்கத்திலிருந்து எழுந்த மருத்துவருக்கு அது விரைந்து வர வேண்டிய அழைப்பா, தகவலுக்காகச் சொல்லப்பட்டதா என்பது விளங்குவதில்லை. "படுக்கை எட்டில் இருப்பவருக்குச் சுவாச வேகம் நிமிடத்துக்கு 28, ஆக்சிஜன் அளவு 89 விழுக்காடு, ஒரு மணி நேரத்துக்கு முன் 95 இருந்தது, நேற்று வயிற்று அறுவைச் சிகிச்சை முடிந்தவர், நுரையீரலில் ஏதோ சிக்கல் தொடங்கியிருப்பதாக நினைக்கிறேன், நீங்கள் உடனே வந்து பார்க்க வேண்டும், அதுவரை ஆக்சிஜனை உயர்த்தவா" என்று கேட்டால், மருத்துவருக்கும் ஒரு கடமை பிறந்துவிடுகிறது.

எனவே எஸ்பார் பயிற்சியின் பெரும்பகுதி நேரத்தை மூன்றாவது, நான்காவது பகுதிகளுக்கே ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. செவிலியர் நோயைக் கண்டறிந்து பெயர் சொல்ல வேண்டியதில்லை. எது மாறியிருக்கிறது, எந்தத் திசையில் போகிறது, எவ்வளவு கவலைப்பட வேண்டும் என்று சொன்னால் போதும். நிலைகுலைவை முன்கூட்டியே காட்டும் மதிப்பெண் முறை எதையேனும் வார்டில் பின்பற்றினால், இந்தத் தயக்கம் பெரிதும் குறைகிறது. பிரிட்டனின் ராயல் மருத்துவர் கல்லூரி 2017இல் புதுப்பித்த நியூஸ் 2 முறையில், கூட்டு மதிப்பெண் 5ஐத் தொட்டால் உடனடிக் கவனிப்பும், 7ஐத் தொட்டால் அவசர நிலைக் கவனிப்பும் தேவை. பணியில் சேர்ந்து சில மாதங்களே ஆன செவிலியர் "எனக்கு ஏதோ சரியில்லை என்று தோன்றுகிறது" என்று சொல்லத் தயங்கலாம். "மதிப்பெண் 7" என்று சொல்ல அவருக்குத் தயக்கம் இருப்பதில்லை. டீம்ஸ்டெப்ஸ் வகுப்போடு இத்தகைய மதிப்பெண் அட்டையையும் சேர்த்தே பயிற்றுவிப்பது நல்லது.

இந்தப் பாடத்திட்டத்தில் நான் மிக உயர்வாக மதிப்பது செக்-பேக் என்னும் எளிய பழக்கத்தை. சொல்பவர் ஒரு செய்தியைச் சொல்கிறார். கேட்பவர் அதை அப்படியே திருப்பிச் சொல்கிறார். சொன்னவர் "சரி" என்று உறுதி செய்கிறார். மூன்றாவது படி வரும் வரை அந்தச் செய்தி முடியவில்லை என்றே கொள்ள வேண்டும். வாய்மொழி உத்தரவுகளில் இதன் அருமை உடனே தெரியும். ஹைட்ராலசின் இரத்த அழுத்தத்தைக் குறைக்கும் மருந்து. ஹைட்ராக்சிசின் ஒவ்வாமைக்கும் பதற்றத்துக்கும் தரப்படுவது. இரைச்சலான அவசரப் பிரிவில், முகக்கவசத்துக்குள்ளிருந்து வரும் குரலில், இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடு காதில் விழாமலேயே போகலாம். ஆங்கிலத்தில் சொல்லப்படும் ஃபிஃப்டீனும் ஃபிஃப்டியும் அப்படித்தான். ஆகவே மருந்தின் பெயர், அளவு, செலுத்தும் வழி, வேகம் ஆகிய நான்கையும் திருப்பிச் சொல்ல வேண்டும் என்றும், எண்களை ஒன்று-ஐந்து, ஐந்து-பூஜ்யம் என இலக்கம் இலக்கமாகச் சொல்ல வேண்டும் என்றும் வார்டின் எழுதப்பட்ட விதியிலேயே சேர்த்துவிடுவது நல்லது.

செக்-பேக்கை வகுப்பில் ஒருமுறை நடித்துக் காட்டினால் போதும் என்று பல பயிற்றுநர்கள் எண்ணுகிறார்கள். அதை நான் ஏற்பதில்லை. அமைதியான அறையில் எவரும் திருப்பிச் சொல்லிவிடுவார். கண்காணிப்புக் கருவி ஒலிக்கும்போதும், உறவினர் கேள்வி கேட்டுக்கொண்டிருக்கும்போதும், கையில் சிரிஞ்சு இருக்கும்போதும் அதே பழக்கம் தானாக வர வேண்டுமானால், இதய நிறுத்தப் பயிற்சி போன்ற உண்மைக்கு நெருக்கமான ஒத்திகைகளில் அதைத் திரும்பத் திரும்பச் செய்திருக்க வேண்டும். மருத்துவர்களும் அந்த ஒத்திகையில் கலந்துகொள்ள வேண்டும். ஏனெனில், மூன்றாவது படியான "சரி" அவர்களிடமிருந்துதான் வர வேண்டியிருக்கிறது. செவிலியர் திருப்பிச் சொல்ல, மருத்துவர் பதில் தராமல் அடுத்த நோயாளியை நோக்கி நகர்ந்துவிட்டால், அங்கே பயிற்சி பாதியில் நின்றுவிட்டது என்றே பொருள்.

ஷிஃப்ட் மாறும்போது நடக்கும் ஒப்படைப்புக்கு இப்பதிப்பு ஐ-பாஸ் என்ற அமைப்பைத் தருகிறது. நோயின் தீவிரம், நோயாளியின் சுருக்கம், செய்ய வேண்டிய பணிகள், எதிர்பார்க்க வேண்டிய சிக்கல்களும் அவற்றுக்கான முன்னேற்பாடும், இறுதியாகப் பொறுப்பேற்பவர் தாம் புரிந்துகொண்டதைத் தம் சொற்களில் சொல்லிக் காட்டுதல் என்பன இதன் ஐந்து பகுதிகள். இதற்கு நல்ல ஆய்வுச் சான்றும் உண்டு. 9 மருத்துவமனைகளின் குழந்தைகள் நலப் பிரிவுகளில் பயிற்சி மருத்துவர்களிடையே நடந்து, 10,740 சேர்க்கைகளை ஆராய்ந்து 2014இல் வெளியான ஆய்வில், மருத்துவப் பிழைகள் 23 விழுக்காடும் தடுத்திருக்கக்கூடிய பாதிப்புகள் 30 விழுக்காடும் குறைந்தன. நிர்வாகத்தில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டிய மற்றொரு முடிவும் அதில் இருக்கிறது: ஒரு நோயாளிக்கான ஒப்படைப்பு நேரம் 2.4 நிமிடத்திலிருந்து 2.5 நிமிடமாக மாறியது, அவ்வளவுதான். முறைப்படி ஒப்படைத்தால் நேரம் கூடும் என்ற வழக்கமான ஆட்சேபணைக்கு இது நேரான பதில். ஆய்வு மருத்துவர்களைப் பற்றியது என்பதைச் சொல்லாமல் இந்த எண்களைச் செவிலியர் வகுப்பில் காட்டுவது முறையன்று. ஒப்படைப்பின் இயல்பு இரு தரப்புக்கும் பொதுவானது என்பதால், அப்படிச் சொல்லிய பின்னும் அவற்றின் பயன் குறைவதில்லை.

ஐந்தாவது பகுதியைத்தான் வார்டுகள் முதலில் கைவிடுகின்றன. வீட்டுக்குப் புறப்படும் அவசரத்தில் இருப்பவரும், பணியைத் தொடங்கும் அவசரத்தில் இருப்பவரும் "எல்லாம் கேஸ் ஷீட்டில் இருக்கிறது" என்ற ஒரு வாக்கியத்தில் உடன்பட்டுவிடுகிறார்கள். பொறுப்பேற்பவர் "அப்படியானால் நான்காம் படுக்கைக்கு ஆறு மணிக்குப் பொட்டாசியம் முடிவு வரும், 3.5க்குக் கீழ் இருந்தால் நான் மருத்துவரை அழைக்க வேண்டும், அப்படித்தானே" என்று கேட்கும்போதுதான், ஒப்படைத்தவர் தாம் சொல்லாமல் விட்டதை நினைவுகூர்கிறார். இன்-சார்ஜ் செவிலியர் நாள்தோறும் ஓர் ஒப்படைப்பையேனும் அருகில் நின்று கேட்டு, இந்த ஐந்தாவது பகுதி நடந்ததா என்று மட்டும் பார்த்தால் போதும். மற்ற நான்கும் பெரும்பாலும் தாமாகவே சீர்ப்படும்.

இனி, மேலே நான் சுட்டிய குறைக்கு வருகிறேன். நோயாளிக்குத் தீங்கு நேரலாம் என்று தோன்றினால் எப்படிக் குரல் எழுப்புவது என்பதற்கு இப்பாடத்திட்டம் இரண்டு கருவிகளைத் தருகிறது. முதலாவது கஸ்: எனக்குக் கவலையாக இருக்கிறது, இதை ஏற்க எனக்கு மனம் ஒப்பவில்லை, இது பாதுகாப்புப் பிரச்சினை என்று படிப்படியாக அழுத்தம் கூட்டிச் சொல்வது. இரண்டாவது, கவலை புறக்கணிக்கப்பட்டால் மறுபடியும் ஒருமுறை தெளிவாகச் சொல்லியே ஆக வேண்டும், அதன்பின்னும் தீராவிட்டால் மேலதிகாரியிடம் கொண்டு செல்ல வேண்டும் என்னும் விதி. இரண்டும் நல்ல கருவிகள். மனம் தடுமாறும் நேரத்தில் என்ன சொல்வது என்று தேட வேண்டியிராமல், ஆயத்தமான வாக்கியம் நாவில் இருப்பது பெரிய துணை. ஆனால் பேசுபவருக்கு இவ்வளவு நுட்பமான வாக்கியங்களைத் தரும் பாடத்திட்டம், அந்த வாக்கியத்தைக் கேட்கும் மூத்த மருத்துவரோ மூத்த செவிலியரோ அடுத்த நொடியில் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு அதே அளவு பயிற்சி தருவதில்லை என்பது என் மதிப்பீடு. செக்-பேக்கிலும் ஐ-பாஸிலும் கேட்பவரின் பங்கு வரையறுக்கப்பட்டிருக்கிறது. இங்கே அது அவருடைய பெருந்தன்மைக்கு விடப்பட்டிருக்கிறது.

இதன் விளைவை எந்த வார்டிலும் காணலாம். ஒருமுறை துணிந்து கேட்ட செவிலியருக்கு "உனக்கு என்ன தெரியும்" என்ற பதில் எல்லோர் முன்னிலையிலும் கிடைத்துவிட்டால், அன்று அருகில் நின்ற அனைவரும் தங்களுக்கான பாடத்தைக் கற்றுக்கொண்டுவிடுகிறார்கள். பிறகு எத்தனை வகுப்புகள் நடத்தினாலும் அதை மாற்றுவது கடினம். ஆகவே இதைக் கையாளும் மருத்துவமனைகள் கேட்பவருக்கான பகுதி ஒன்றைத் தாமே எழுதிச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று பரிந்துரைக்கிறேன். கவலைச் சொல்லைக் கேட்டதும் கையிலுள்ள வேலையை நிறுத்துவது, "நன்றி, நீங்கள் கவனித்தது என்ன" என்று கேட்பது, ஏற்கவில்லையென்றால் காரணத்தை அங்கேயே சொல்வது ஆகிய மூன்றையும் மூத்தவர்களுக்குத் தனி ஒத்திகையாக நடத்த வேண்டும். கவலை தவறாக இருந்த சந்தர்ப்பங்களிலும் நன்றி சொல்லப்பட வேண்டும். அடுத்த முறை சரியாக இருக்கக்கூடிய கவலை அப்போதுதான் வெளியே வரும்.

தலைமைத் திறனின் கீழ் வரும் மூன்று சிறு கூட்டங்கள் நிர்வாகத்தைப் பொறுத்தவரை மிகப் பயனுள்ளவை. பணி தொடங்கும் முன் திட்டத்தைப் பகிர்ந்துகொள்வது, இடையில் நிலைமை மாறும்போது நின்றபடியே கூடித் திட்டத்தைத் திருத்துவது, முடிந்த பின் எது நன்றாக நடந்தது, எது நடக்கவில்லை என்று பேசுவது என்பன அவை. இடையில் கூடும் ஹடில் என்னும் கூட்டம் சில நிமிடங்களுக்கு மேல் போகக் கூடாது. அதற்கான நேரத்தைப் பணிப் பட்டியலிலேயே ஒதுக்காமல் "முடிந்தால் கூடுங்கள்" என்று சொன்னால் அது நடக்காது. ஒருவருக்குப் பணிச்சுமை ஏறிவிட்டது என்று வெளிப்படையாகச் சொல்லவும், மற்றவர் ஒரு நோயாளியை ஏற்றுக்கொள்ளவும் இடம் தரும் சில நிமிடங்கள் இவை. துணை கேட்பது திறமைக் குறைவாகாது என்பதைச் சுற்றறிக்கையில் எழுதுவதைவிட, இன்-சார்ஜ் தாமே ஒருநாள் ஹடிலில் துணை கேட்பது விரைவில் பலன் தருகிறது.

கற்பிக்கும் பொருள்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். காணொளிகள், ஸ்லைடுகள், பயிற்றுநர் கையேடு எல்லாம் ஒழுங்காகத் தொகுக்கப்பட்டிருக்கின்றன. சரியாக நடந்த காட்சியையும் தவறாக நடந்த காட்சியையும் அடுத்தடுத்துக் காட்டி விவாதிக்கச் செய்வது நல்ல உத்தி. ஆனால் மூலப் பொருள்கள் ஆங்கிலத்தில், அமெரிக்க மருத்துவமனைச் சூழலில் அமைந்தவை. வார்டில் பேசப்படும் மொழியில், அங்கே உண்மையில் நிகழும் சூழல்களைக் கொண்டு காட்சிகளை மறுபடி எழுதும் வேலை முழுவதும் பயிற்றுநரின் தலையில் விழுகிறது. அந்த வேலையைச் செய்யாமல் ஸ்லைடுகளை மட்டும் ஓட்டும் வகுப்பு வீண். முதலெழுத்துச் சுருக்கங்களும் அளவுக்கு மீறி இருக்கின்றன. எஸ்பார், ஐ-பாஸ், கஸ், டெஸ்க், ஸ்டெப் என்று ஒரே நாளில் அடுக்கினால், மறுநாள் எதுவும் நினைவில் நிற்பதில்லை. தொடக்கத்தில் எஸ்பார், செக்-பேக், ஐ-பாஸ் ஆகிய மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, அவை வழக்கமாகிய பின்னரே மற்றவற்றுக்குச் செல்வது போதும். பாடத்திட்டமும் எல்லாவற்றையும் ஒருசேரப் புகுத்தச் சொல்லவில்லை. பிரிவின் சிக்கலை முதலில் கண்டறிந்து, அதற்குரிய கருவியைத் தேர்ந்தெடுக்கவே சொல்கிறது. அந்தப் பகுதியைத்தான் பலரும் தாண்டிச் சென்றுவிடுகிறார்கள்.

பயிற்சியின் பலனை அளக்கும் வழிகளையும் இது தருகிறது. குழுப்பணி பற்றிய மனப்பான்மையை அறிய ஒரு வினாத்தாளும், தங்கள் பிரிவில் குழுப்பணி எப்படி நடக்கிறது என்ற கண்ணோட்டத்தை அறிய மற்றொன்றும் உள்ளன. பயிற்சி மதிப்பீட்டில் 1959 முதல் வழங்கிவரும் கிர்க்பாட்ரிக்கின் நான்கு நிலைகளை வைத்துப் பார்த்தால், பெரும்பாலான மருத்துவமனைகள் முதல் நிலையிலேயே, அதாவது பங்கேற்றவருக்கு வகுப்பு பிடித்திருந்ததா என்ற கேள்வியிலேயே நின்றுவிடுகின்றன. கற்றார்களா, நடத்தை மாறியதா, நோயாளிக்குப் பலன் கிடைத்ததா என்பவை அடுத்தடுத்த நிலைகள். மூன்றாம் நிலையை அளக்க வினாத்தாள் போதாது. நேரில் நின்று கவனிக்க வேண்டும். எத்தனை வாய்மொழி உத்தரவுகள் திருப்பிச் சொல்லப்பட்டன, எத்தனை அழைப்புகளில் கோரிக்கை தெளிவாக இருந்தது என்று ஓர் எளிய தாளில் குறித்தாலே உண்மை நிலை தெரிந்துவிடும். யாரையும் குற்றம் சாட்டுவதற்காகச் செய்யப்படுவதன்று என்று முன்கூட்டியே அறிவித்து, பெயர் எழுதாமல் குறிக்க வேண்டும்.

நான்காம் நிலைக்கும் சான்றுகள் இல்லாமலில்லை. அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் இதே மரபில் நடந்த வேறொரு குழுப் பயிற்சியை ஆராய்ந்து 2010இல் வெளியான ஆய்வில், பயிற்சி பெற்ற 74 மருத்துவமனைகளில் அறுவைச் சிகிச்சை இறப்பு விகிதம் 18 விழுக்காடு குறைந்தது. அப்போது பயிற்சி பெற்றிராதவற்றில் 7 விழுக்காடு குறைந்தது. அங்கே வகுப்போடு, அறுவை அரங்கில் முன்கூட்டம், பின்கூட்டம், சரிபார்ப்புப் பட்டியல் ஆகியவையும் சேர்ந்தே நடைமுறைக்கு வந்தன என்பதை மறந்து, ஒரு நாள் வகுப்பிலிருந்து அதே பலனை எதிர்பார்க்கக் கூடாது.

சிறு மருத்துவ நிலையங்களுக்கும் புறநோயாளிப் பிரிவுகளுக்கும் இதைப் பயன்படுத்தலாமா என்ற கேள்வி வரும். பயன்படுத்தலாம். இதன் கருவிகள் உள்நோயாளி வார்டுக்கு மட்டுமே உரியவையல்ல. நோயாளியையும் அவரைக் கவனித்துக்கொள்பவரையும் குழுவின் உறுப்பினர்களாக நடத்துவதும் இப்பதிப்பில் வலுப்பெற்றிருக்கிறது. அத்தகைய இடங்களில் தொலைபேசியை எடுக்கும் வரவேற்புப் பணியாளரையும் வகுப்பில் அமர்த்துவது இன்றியமையாதது. "நெஞ்சு அடைக்கிறது" என்று அழைப்பவரை அடுத்த வாரத்துக்குப் பதிவு செய்யாமல் உடனே செவிலியரிடம் இணைக்க வேண்டியவர் அவரே.

பணியாளர் பற்றாக்குறையை எந்தப் பயிற்சியும் ஈடுசெய்யாது. ஒரு செவிலியர் கவனிக்கக்கூடிய எண்ணிக்கைக்கு மேல் நோயாளிகளைக் கொடுத்துவிட்டு, ஒப்படைப்பு சரியில்லை என்று வகுப்புக்கு அனுப்புவது நியாயமன்று. அந்த அடிப்படை ஓரளவேனும் அமைந்த, மருத்துவத் தலைமையும் வகுப்பில் வந்து அமர ஒப்புக்கொண்ட மருத்துவமனைகளுக்கு டீம்ஸ்டெப்ஸைத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். மருத்துவர்கள் வர மறுக்கும் இடங்களில், முழுத் திட்டத்தையும் தொடங்காமல், செவிலியர்களுக்கு இடையிலேயே முடிந்துவிடும் ஷிஃப்ட் ஒப்படைப்பை மட்டும் முதலில் ஐ-பாஸ் முறைக்கு மாற்றி, அதன் கவனிப்புத் தாள்களை மருத்துவத் தலைமையிடம் எடுத்துச் சென்று, அதன்பின் அடுத்த பகுதியைக் கேட்டுப் பெறுவது நடைமுறைக்கு ஏற்ற வழி.